இனிஷியல் டி பார்ப்பது எப்படி: போடிமெட்டு ஏறி இறங்குகிறவன் சொல்லும் வழி

இனிஷியல் டி என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் போட்டுவிட்டு பத்தாவது நிமிஷத்தில் மூடியவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். மூஞ்சியெல்லாம் ஒரு தினுசாக இருக்கிறது, கார்கள் பழைய வீடியோ கேமில் வருகிற மாதிரி இருக்கின்றன, ஹீரோ பயல் எப்போது பார்த்தாலும் தூங்கி வழிகிறான். மூன்றும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் எல்லோரும் அதை கார் ரேஸ் தொடர் என்று நினைத்துப் போட்டவர்கள், கோளாறு அங்கேதான். ரேஸ் பார்க்க உட்கார்ந்தால் எரிச்சல்தான் வரும். ஒரே மலை ரோட்டில் தினமும் சரக்கு ஏற்றிப் போகிற ஒரு பையனின் கதை என்று உட்கார்ந்து பாருங்கள், விடிய விடியப் பார்ப்பீர்கள்.

எனக்கு இது சுலபமாகப் பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. வீடு போடியில், வேலை மலைக்கு மேலே கேரளத்துப் பூப்பாறையில். வாரம் ஆறு நாள் முந்தலில் ஏறி, புலியூத்து தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே போகிறேன், சாயங்காலம் அதே பதினேழையும் இறங்குகிறேன். விடிகாலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் என்னைத் தாண்டிப் போகும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் தலை ஆடியபடி அக்காமார்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுகிற அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அந்த முகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

முதலில் ஒரு சொல். ஜப்பான்காரர்கள் மலைப்பாதையை, மலையைத் தாண்டுகிற இடத்தை, ‘தோகே’ என்கிறார்கள். சப்டைட்டிலில் அது அப்படியே வரும், ஏதோ பந்தயத்தின் பெயர் போலத் தோன்றும். குழம்ப வேண்டாம், அது நம் மெட்டுதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்கிறோமே, அதே மெட்டு. மலையாளத்தில் சுரம் என்பார்கள். பாட்டுக்கும் நாம் மெட்டு என்றுதானே சொல்கிறோம், இந்தத் தொடரில் அந்த மெட்டும் காதைக் கிழிக்கும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கதை இவ்வளவுதான். குன்மா மாகாணத்தில் அகினா என்று ஒரு மலை. நிஜத்தில் அதன் பெயர் ஹருனா, மேலே ஏரியும் இருக்கிறது, ஹோட்டல்களும் இருக்கின்றன. அடிவாரத்து ஊரில் புன்டா ஃபுஜிவாரா என்ற மனிதர் டோஃபு கடை வைத்திருக்கிறார். டோஃபு என்றால் சோயா பாலைத் திரித்துக் கட்டியாக்குவது, பனீர் மாதிரி, ஆனால் அதைவிட மெத்தென்று இருக்கும். தண்ணீரில் போட்டு எடுத்துப் போவார்கள், லேசாக இடித்தாலும் மூலை உடைந்துவிடும். இதை விடியுமுன் மேலே உள்ள ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்பா தன் மகன் தகுமியை ஏழாம் வகுப்பிலேயே ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டார் (அங்கேயும் அது சட்டவிரோதம்தான்). கதை தொடங்கும்போது பையன் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறான், ஐந்து வருஷமாக அந்த ரோட்டில் ஏறி இறங்கியிருக்கிறான், தான் நன்றாக ஓட்டுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அப்பா காரின் கப் ஹோல்டரில் தண்ணீர் நிரம்பிய ஒரு காகிதக் கப்பை வைத்து அனுப்புகிறார். சிந்தக் கூடாது, அவ்வளவுதான் பாடம்.

இந்தக் கப்பை வெறும் ஹீரோத்தனம் என்று நினைத்துவிட்டால் தொடரே கை நழுவிப் போய்விடும். அதனால் அடுத்த எபிசோடு போடுமுன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பகலில், ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டில், தெரிந்தவர் யாராவது நிதானமாக ஓட்டும்போது, நீங்கள் பக்கத்து சீட்டில் ஒரு சில்வர் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீரோடு உட்காருங்கள். முப்பதைத் தாண்ட வேண்டாம். எங்கே சிந்துகிறது என்று மட்டும் கவனியுங்கள். வளைவில்தான் சிந்தும் என்று நினைப்பீர்கள். சிந்துவது பெரும்பாலும் வளைவுக்கு முன்னால், பிரேக்கில் கால் வைக்கிற நொடியில்; அதைவிட மோசம், பிரேக்கிலிருந்து காலைப் படாரென்று எடுக்கிற நொடியில். வளைவுக்குள் போய்விட்ட பிறகு தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிற்கும், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை நடுவில் திருத்தித் திருத்தி உதறாத வரைக்கும்.

என் பெரியப்பா இருபது வருஷத்துக்கு மேல் ஜீப் வைத்திருந்தார். விடிகாலை நாலு மணிக்கு போடியில் முட்டைத் தட்டுகளும் தயிர் வாளியும் ஏற்றிக்கொண்டு மேலே கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். சின்ன வயதில் லீவு நாட்களில் கூடப் போவேன். பின்னால் முட்டைத் தட்டுகளைக் கயிறு போட்டுக் கட்ட மாட்டார், சாக்கை மடித்துக் கீழே விரித்து அதன் மேல் அப்படியே அடுக்குவார். “முட்டை வளைவுல உடையாதுடா, அதுக்கு முன்னாடியே உடைஞ்சிரும்” என்பார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வளைவு கண்ணில் படுவதற்கு முன்னமே கியரைக் குறைத்துவிடுவார், வண்டி ஒரு முனகல் முனகும், உடம்பு முன்னால் போவதே தெரியாமல் வேகம் குறைந்திருக்கும். தயிர் வாளியின் மூடி மேல் வைத்த சாவிக்கொத்து மேலே போய்ச் சேரும் வரை வைத்த இடத்திலேயே இருக்கும். தொடரில் கப்பைக் காட்டியபோது எனக்கு அந்தச் சாவிக்கொத்துதான் நினைவுக்கு வந்தது.

சரி, டிரிஃப்ட் விஷயம். பார்க்கிறவர்கள் பலர் டயர் புகை விடுவதைத்தான் டிரிஃப்ட் என்று ரசிக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தில் வந்து உட்காரும். முன் டயர் ரோட்டைக் கவ்வும், பின்பக்கம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உள்ளே போகும், வால் வெளியே வழுக்கும். பிறகு ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொடுத்து, ஆக்சிலேட்டரை அளந்து மிதித்து, அந்த வழுக்கலை விழாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். காலி ஜீப்பில் மழைத் தூறலில் இறங்கியவர்களுக்கு இதன் முதல் பாதி தெரியும், இரண்டாம் பாதி தெரியாததால்தான் சாமியைக் கும்பிடுகிறோம். இந்தத் தொடருக்கு ஆலோசனை சொன்னவர் கெய்ச்சி சுச்சியா, ஜப்பானில் டிரிஃப்ட் கிங் என்று பெயரெடுத்த நிஜமான ரேஸ் டிரைவர், அவரும் இதே மாடல் காரை வைத்திருந்தவர். அதனால் கதையில் எவ்வளவுதான் அளந்து விட்டாலும் அடிப்படை பொய் கிடையாது.

அந்தக் கார் டொயோட்டா ஸ்பிரின்டர் ட்ரூனோ, ஏஇ86. ரசிகர்கள் ‘ஹச்சி ரோக்கு’ என்பார்கள், எட்டு ஆறு என்று அர்த்தம். 1983-ல் வந்து 1987-ல் நின்றுபோன மாடல், 1.6 லிட்டர் இன்ஜின், 130 ஹார்ஸ்பவர், பின் சக்கரத்தில் இழுவை, எடை ஒரு டன்னுக்கும் கீழே. எதிரே வருகிற நிசான் ஜிடி-ஆர் கம்பெனியிலிருந்து வரும்போதே 280 ஹார்ஸ்பவர், நாலு சக்கர இழுவை. பிறகு எப்படி இது அதை ஜெயிக்கும் என்று ஒவ்வொரு பந்தயத்திலும் ஒருத்தன் கேட்பான். பதில் மிகச் சாதாரணம், எங்கள் ஊரில் லோடு வண்டி ஓட்டும் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஏற்றத்தில் இன்ஜின் பேசும், இறக்கத்தில் பிரேக்கும் டயரும் பேசும். கனமான வண்டி இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் தன் பாரத்தைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும், நாலு வளைவு போனதும் முன் டயர் சூடேறி, திருப்பினாலும் திரும்பாமல் வெளிப்பக்கம் ஓடும். அதனால் தகுமி பந்தயம் என்று வந்தால் பெரும்பாலும் இறக்கத்தில்தான் வருவான். பந்தயக் காட்சி வரும்போது யார் முன்னால் போகிறார்கள் என்று பார்க்காதீர்கள். யாருடைய டயர் முதலில் களைக்கப் போகிறது என்று பாருங்கள், சுவாரசியம் பத்து மடங்கு கூடும்.

இதை நான் சொந்தக் காசு செலவழித்துக் கற்றவன். முதன்முதலில் கார் வாங்கி மேலே போய்விட்டு இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வளைவு தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை. வேறு யாருடைய வண்டியோ என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எப்படியோ கியரைப் பிடுங்கிக் குறைத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்கவே கால் மணி நேரம் ஆனது. விஷயத்தைச் சொன்னபோது பெரியப்பா திட்டக்கூட இல்லை. “ஏறின கியர்லயே இறங்கணும்னு ஒருத்தனும் சொல்லலியாடா உனக்கு” என்று மட்டும் கேட்டார். தொடரில் இறக்கத்தின் கடைசிப் பகுதியில் பிரேக்கை மிச்சம் பிடிப்பதைப் பற்றி யாராவது பேசினால் இப்போதும் எனக்கு அந்த வாடை அடிக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது என்றால், வந்த வரிசையிலேயே பாருங்கள். ஷுய்ச்சி ஷிகெனோ வரைந்த மூல மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 1995-ல் தொடங்கி 2013-ல் முடிந்தது, 48 தொகுதிகள். அனிமேயில் சீசனை ஸ்டேஜ் என்கிறார்கள், முதல் ஸ்டேஜ் 1998, 26 எபிசோடு. அடுத்த வருஷம் இரண்டாவது ஸ்டேஜ், 13. மூன்றாவது ஸ்டேஜ் 2001-ல் வந்த முழுநீளப் படம், அதை விட்டுவிட்டு நாலாவதுக்குப் போனால் பையன் ஏன் மாறியிருக்கிறான் என்றே புரியாது. நாலாவது 24 எபிசோடு, 2004-ல் தொடங்கியது. பிறகு 2012-ல் ஐந்தாவது, 2014-ல் கடைசி ஸ்டேஜ், அது வெறும் நாலே எபிசோடு. 2014-லிருந்து மூன்று புதுப் படங்களும் வந்தன, முதல் கதையையே பளபளப்பாகத் திருப்பி எடுத்தவை. அதிலிருந்து தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கார்கள் அழகாக இருக்கும், ஆனால் பழைய பாட்டு இருக்காது. பாட்டில்லாத இனிஷியல் டி உப்பில்லாத ரசம்.

முதல் ஸ்டேஜில் பொறுமை வேண்டும். முறையான முதல் பந்தயம் வருவதற்குள் நாலு எபிசோடு ஓடிவிடும், அதுவரை பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற பையன்கள் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள், அந்த அரட்டைதான் அடித்தளம். தகுமிக்குத் தன் வீட்டுக் காரின் செல்லப்பெயரே தெரியாது. எண்பத்தாறு என்று நண்பன் சொன்னால், இல்லையே, பின்னால் ட்ரூனோ என்றுதானே எழுதியிருக்கிறது என்பான். சரக்கு வண்டிக்கு எதற்கு இத்தனை பேர் என்கிற பாவம் அவன் முகத்தில். முன்னே சொன்ன ஜீப் அண்ணன் முகம், அதேதான்.

ஒரே ஒரு எபிசோடு காட்டி ஒருவரை இழுக்க வேண்டும் என்றால் நான் இட்சுகி கார் வாங்குகிற கதையைக் காட்டுவேன். இட்சுகி தகுமியின் நண்பன், வாய் அதிகம், மனசு வெள்ளை. எண்பத்தாறு மேல் பைத்தியமாகி, சேர்த்து வைத்த காசில் ஆசை ஆசையாக ஒரு லெவின் (ட்ரூனோவின் இரட்டைப் பிறவி மாடல்) வாங்கி வருகிறான். பானெட்டைத் திறந்தால் அது எண்பத்தாறு இல்லை, எண்பத்தைந்து. உடம்பு அதே உடம்பு, உள்ளே பலமில்லாத 1.5 லிட்டர் இன்ஜின். பங்கில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்துகிறார்கள். மலையில் வேறு இரண்டு பேர் அவனை அந்தக் காரை வைத்தே கேலி செய்கிறார்கள். தகுமி ஒன்றும் பேசாமல் அந்த எண்பத்தைந்தின் ஸ்டியரிங்கில் உட்காருகிறான், நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே இறங்கி அவர்களைத் தாண்டிப் போகிறான். பழைய வண்டி வாங்கி ஏமாந்து, சாயங்காலம் தெருவே வந்து சுற்றி நின்று கருத்து சொன்ன அனுபவம் உள்ள எவருக்கும் இந்த இடத்தில் தொண்டை அடைக்கும். எனக்கு அடைத்தது.

ரோடுகளைத் தனித்தனியாகப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. உசுயி என்ற மெட்டில் பழைய ரோட்டுக்கு 184 வளைவு, எல்லாவற்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. நம் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுக்கு எண் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. அங்கே வருகிற மாகோ, சாயுகி என்ற இரண்டு பெண்களும் இந்தத் தொடரின் உருப்படியான பாத்திரங்கள், ஒருத்தி ஓட்டுவாள், இன்னொருத்தி பக்கத்திலிருந்து வழி சொல்வாள். இரோஹாசாகா என்று இன்னொன்று. ‘இ, ரோ, ஹா’ என்று தொடங்குவது பழைய ஜப்பானிய அகரவரிசை, மொத்தம் 48 எழுத்து. ஏற ஒரு ரோடு, இறங்க ஒரு ரோடு, ஏற்றத்தில் இருபது, இறக்கத்தில் இருபத்தெட்டு என்று வளைவுக்கு ஒரு எழுத்தாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மெட்டுக்கு உயிரெழுத்து பன்னிரண்டு பத்தாது, ‘க, ங, ச, ஞ, ட’ வரை போக வேண்டும்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. ஜப்பானில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் இடது வளைவு என்றால் மலைச் சுவர் எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று மாற்றி யோசிக்க வேண்டியதில்லை. உட்பக்கச் சக்கரத்தை ரோட்டோரச் சாக்கடைக் காலில் இறக்கி, அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைவைச் சுற்றுகிற தகுமியின் பிரபலமான வித்தையை முதல் தடவை பார்த்தபோது என் இடது கால் தானாகத் தரையை மிதித்தது. நம் ஊர் ஓடையில் சக்கரத்தை இறக்கினால் அச்சு முறியும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

குறைகள் இல்லையா என்றால், உண்டு. முதல் ஸ்டேஜ் கம்ப்யூட்டர் கார்கள் இன்றைக்குப் பொம்மை மாதிரிதான் தெரியும். மூன்றாவது எபிசோடில் கண் பழகிவிடும். மாகோ, சாயுகி தவிர மற்ற பெண்களை எழுதியதில் ஆசிரியருக்கு அக்கறை போதவில்லை, தகுமியோடு பழகும் பள்ளித் தோழி நட்சுகியின் கதை சில இடங்களில் முகம் சுளிக்க வைக்கும். பந்தயம் நடக்கும்போது ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நம் டீக்கடையில் கிரிக்கெட் பார்க்கிற கூட்டம் போல. எனக்கு அது பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது.

பாட்டு. யூரோபீட் என்று பெயர், பெரும்பாலும் இத்தாலியில் ஜப்பான் சந்தைக்காகவே செய்த இசை. இங்கிலீஷ் வரிகளுக்கு அர்த்தம் தேடாதீர்கள், கிடைக்காது. வசனத்துக்கு வைத்திருந்த சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பந்தயம் தொடங்கியதும் அது தானாக வீட்டை எழுப்பும். ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதே நல்லது, ஹச்சி ரோக்கு என்று அவர்கள் சொல்லுகிற அழகு வேறு எதிலும் வராது. காரில் போகும்போது மட்டும் இந்தப் பாட்டுகளைப் போடாதீர்கள், கால் நம் பேச்சைக் கேட்காது. தொடர்காரர்களே முன்னால் எச்சரிக்கை போடுகிறார்கள், சீட் பெல்ட் போடு, விதியை மதி என்று. நம் மெட்டில் ராத்திரியிலும் எதிரே பஸ் வரும், ஏலக்காய் லோடு வரும், பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது இங்கே சட்டம். போன வருஷம் மெட்டில் நாலு பைக் பையன்கள் இறக்கத்தில் சாய்ந்து சாய்ந்து வந்ததைப் பார்த்தேன், பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்தபடி நின்றுவிட்டார். அவர் நின்றதால் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

போன மழைக்கு மண் சரிந்து ரோட்டை அடைத்தபோது எனக்கு வேலை இல்லை, பெரியப்பாவை உட்கார வைத்து முதல் ஐந்து எபிசோடையும் போட்டேன். சப்டைட்டில் படிக்க மாட்டார், நான்தான் இடையிடையே சொன்னேன். தகுமியின் முதல் எதிராளி, தகஹாஷி சகோதரர்களில் தம்பியான கெய்சுகேயின் மஞ்சள் கார் பின்னால் விழுந்து, பாட்டு உச்சத்துக்குப் போய், பந்தயம் முடிந்தது. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரக்கு ஏத்தத்துலதானடா போகுது, எறங்கும்போது வண்டி காலிதான?”

ஆமாம் என்றேன்.

“அப்ப அந்தப் பய ஏறுறதக் காட்டச் சொல்லு. எறக்கம் என்ன பெரிய எறக்கம்.”